இழை பொரியும் சத்தம்

இயந்திரத்தை அணைத்த பிறகும் அந்தச் சத்தம் கேட்டது.

மலைமேல் ரிங்லெட் ஊர் அருகே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டில் முப்பரிமாண அச்சு இயந்திரம் வைத்திருந்தேன். பிளாஸ்டிக் இழையை உருக்கி, வரிவரியாக அடுக்கி, தேயிலை வெட்டும் இயந்திரங்களுக்கு மூடி, கைப்பிடி போன்றவற்றைச் செய்து தருவேன். பனிமூட்டத்தில் ஈரம் ஏறிய இழை, சூடான முனையில் லேசாகப் பொரியும். அன்று மதியம் படுத்திருந்தபோது அதே சத்தம் என் வலது விலாவுக்குள்ளிருந்து வந்தது. மூச்சை நிறுத்தினேன். சத்தமும் நின்றது.

காய்ச்சல் இல்லை. சளி இல்லை. வறட்டு இருமல் உண்டு. மேடு ஏறினால் மூச்சு வாங்கும். குளிர்தான் காரணம் என்று நினைத்திருந்தேன்.

மலைக்குக் கீழே ஈப்போ நகரில் நுரையீரல் மருத்துவர் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டார்.

“லீவு நாள்ல மூச்சு எப்படிம்மா இருக்கு?”

“வீட்டுலதான் டாக்டர் வேலை. லீவுன்னு ஒன்னும் இல்ல.”

“ரூம்ல ஜன்னல் இருக்கா?”

“இருக்கு. தொறக்க மாட்டேன். அச்சாகும்போது குளிர்காத்து பட்டா பிளாஸ்டிக் மூலை வளைஞ்சு தூக்கிக்கும்.”

துணைக்கு வந்திருந்த அண்ணன் காய்கறி லோரி ஓட்டுபவர். “கதவு இடுக்குலகூட துணி அடைச்சி வெச்சிருக்கா டாக்டர். பிளாஸ்டிக்குக்குக் குளிரக்கூடாதாம்லா,” என்றார்.

மருத்துவர் உடனே ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார்.

ஸ்கேனில் ஒவ்வாமை நுரையீரல் அழற்சி (உள்ளிழுத்ததை உடல் எதிர்ப்பதால் மூச்சுப்பைகள் வீங்குவது) தெரிந்தது. வலப்பக்கம் அடியில் சிறு தழும்பும் இருந்தது.

“வீக்கம் வத்திடும். தழும்பு அப்படியே நிக்கலாம். கூடவும் கூடலாம். பிளாஸ்டிக் உருக்குற புகை பக்கமே போகாதீங்க.”

கூடலாம் என்ற சொல்லோடுதான் மலை ஏறினோம்.

ஸ்டீராய்டு (அழற்சியைத் தணிக்கும் மருந்து) முகத்தை ஊத வைத்தது, தூக்கத்தைக் கெடுத்தது. அண்ணன் இயந்திரத்தை லோரியில் ஏற்றி, மலையடிவாரத்துத் தாப்பாவில் பட்டறை வைத்திருக்கும் என் தோழியிடம் கொடுத்தார். இப்போது நான் வரைந்து அனுப்புகிறேன், அவள் அச்சிடுகிறாள். வந்து சேரும் பெட்டியை வாசலுக்கு வெளியே வைத்துத்தான் பிரிக்கிறேன்.

இதே வேலை செய்பவர்கள் இருமலோடு மருத்துவரிடம் போனால், கேட்கும்வரை காத்திருக்காமல் சொல்லுங்கள்: எதை உருக்குகிறீர்கள், எந்த அறையில், ஜன்னல் திறந்தா மூடியா. எனக்கு அதைச் சொல்லத் தோன்றவே இல்லை.

இப்போது மேடு ஏற முடிகிறது. கடைசியாகப் போனபோது மருத்துவர் அதே வலப்பக்கத்தில் மறுபடி நெடுநேரம் கேட்டார். “சத்தம் இன்னும் கொஞ்சம் இருக்கு,” என்றார்.

இயந்திரத்தின் திரையைப் பார்த்தால், வேலை முடிய எவ்வளவு நேரம் பாக்கி என்று தெரியும். உடம்பு அதைச் சொல்வதில்லை. அடுத்த ஸ்கேன் வரை ஒவ்வொரு மூச்சையும் காது கொடுத்துக் கேட்டபடி இருக்கிறேன். பிற்பகலில் தகரக் கூரைமேல் மழை கொட்டும்போது மட்டும் நிம்மதி. அப்போது வேறு எதுவும் காதில் விழாது.