ஜெயசீலியின் மூச்சு

தங்கச் சுரங்கத்து ஊரான ஊரிகத்தில், வேலையாட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லைன் வீட்டுக்கு வாழ வந்தபிறகு லூயிசா கோவிலையும் சந்தையையும் தாண்டி எங்கும் போனதில்லை. அவள் புருஷன் சுந்தரராஜ், சுரங்கத்துக் கல்லைப் பொடியாக்குகிற மில்லில் ஃபிட்டர். அவளுடைய அக்கா ஐடாவும் அக்கா புருஷன் மாணிக்கராஜும் கண்டியில் இருந்தார்கள். தேயிலைத் தோட்டத்து ஜனங்களுக்கு வேதம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார் மாணிக்கராஜ். ஒரு தடவையாவது வந்து போகச் சொல்லி வருஷாவருஷம் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு 1904-ல்தான் பலன் கிடைத்தது. சுந்தரராஜுக்கு லீவு கிடைத்ததும், ஆறு வயது மகள் ஜெயசீலியையும் கூட்டிக்கொண்டு தூத்துக்குடியில் கப்பலேறினார்கள்.

கொழும்புத் துறைமுகத்திலேயே உபதேசியார் காத்திருந்தார். டிராமில் ஏற்றி, புறக்கோட்டைக் கடைத்தெருவையும் காலிமுகத் திடலையும் சுற்றிக் காட்டினார். சுந்தரராஜ் எல்லாவற்றையும் வாய் ஓயாமல் விசாரித்துக்கொண்டே வந்தான். லூயிசாவின் கண் மகள்மேலேயே இருந்தது. ஜெயசீலிக்குக் கைக்குழந்தையிலிருந்தே இழுப்பு. மில்லில் கல்லை இடிக்கிற தூசு காற்றோடு வீட்டுக்குள் வந்துவிட்டால், முதுகை வளைத்து உட்கார்ந்து மூச்சுக்குத் தவிக்கிற பிள்ளை அது. இங்கே கடற்கரை மணலில் அலையைத் துரத்திக்கொண்டு ஓடியது.

கண்டியில் தினமும் காலையில் சோற்றைக் கட்டிக்கொண்டு மலைப்பாதையில் நடக்கக் கிளம்பினார்கள். ஓடையைத் தாண்டி, தேயிலைச் சரிவுகளின் ஓரமாக ஏறி, பாறைமேல் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஜெயசீலி எப்போதும் முன்னால். லூயிசா எட்டிப் பிடித்து அவள் முதுகில் கை வைத்துப் பார்ப்பாள். மூச்சு சீராக வந்துகொண்டிருக்கும். ராத்திரியும் பிள்ளை இருமாமல் தூங்கினாள். தூக்கம் போனது தாய்க்குத்தான்.

ஐடாவுக்குக் குழந்தை இல்லை. ஆனாலும் பிள்ளையைத் தன்னிடம் விடச் சொல்லி அவள் கேட்கவில்லை. கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது, அடுப்படியில் லூயிசாவே பேச்செடுத்தாள்.

"அக்கா, பாப்பாவ உங்கிட்ட வுட்டுட்டுப் போறேன். அங்க கூட்டிம்போனா மறுபடியும் இழுத்துக்கும்."

"உன்னால முடியுமா லூயிசா?"

"முடியாது. இருந்தாலும் வுட்டுட்டுத்தான் போவணும்."

சுந்தரராஜ் அன்று சாப்பிடவில்லை. இங்கேயே வேலை தேடிக்கொள்ளலாம் என்றான். ஊரில் அவனை நம்பி அம்மாவும் கல்யாணமாகாத தங்கைகளும் இருப்பது நினைவுக்கு வந்ததும் பேச்சை விட்டுவிட்டான்.

ஊரிகம் திரும்பியதும் லைன் பெண்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். டிராமைப் பற்றியும் கண்டி ஏரியைப் பற்றியும் லூயிசா சலிக்காமல் சொன்னாள். மகளைப் பற்றிக் கேட்டால் நல்லாயிருக்கா என்பதோடு சரி. மில் பக்கமிருந்து காற்று திரும்பினால் பழக்கத்தில் எழுந்துபோய்க் கதவைச் சாத்துவாள். பிறகு யாருக்காகச் சாத்தினோம் என்று திறந்து வைப்பாள்.

நாலு வருஷம் கழித்துக் கிறிஸ்துமஸுக்கு ஐடா பிள்ளையைக் கூட்டிவந்தாள். ஜெயசீலி மளமளவென்று வளர்ந்திருந்தாள். பெற்ற தாயை "நீங்க" என்றாள். அது உறுத்தியதை லூயிசா காட்டிக்கொள்ளவில்லை. மறுநாள் விடியற்காலையில், தூசு எட்டாத பூதிகோட்டைப் பாதையில் மகளோடு நடந்தாள். ராகி அறுத்த வயல்களைப் பார்த்துக்கொண்டே கண்டிக் கதையெல்லாம் சொல்லி வந்த பிள்ளை, பாதி வழியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டது. வீடு வந்து சேரும்வரை லூயிசா அந்தக் கையை விடவில்லை.

அந்த வாரமே இழுப்பு வந்துவிட்டது. பண்டிகை முடியட்டும் என்று சுந்தரராஜ் தயங்கினான். லூயிசாவே அக்காவின் பெட்டியைக் கட்டினாள்.

ஸ்டேஷனில் ஜெயசீலி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நீங்களும் வாங்களேன் அம்மா" என்றாள்.

"வரேன் கண்ணு. நீ நல்லா மூச்சு வுட்டுக்கினு இரு."

உடனே போக முடியவில்லை. மாமியார் படுக்கையில் விழுந்தாள். கிழவியின் காரியமெல்லாம் முடிந்த பிறகுதான், தோட்டத்துக்குப் போகிற ஒரு குடும்பத்தோடு லூயிசா மறுபடியும் கப்பலேறினாள். ஒரு மாதம் மகளோடு மலைப்பாதையெல்லாம் நடந்தாள். திரும்பும்போது கொழும்புக் கரை கண்ணுக்கு மறைந்த பின்னும் மேல்தட்டிலேயே நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வந்து உட்காரச் சொல்லி யாரோ கூப்பிட்டது அவளுக்குக் கேட்கவில்லை.