ஜன்னலோரம் வைத்த மீன்தொட்டி

ஊரடங்கில் பள்ளி மூடியிருந்ததால், ராஜபாளையத்தில் எங்கள் வீட்டிலேயே மகள் ஜெனிபாவுக்கு நான்தான் பாடம் நடத்தினேன். தண்ணீர் வழியே எழுத்து பெரிதாகத் தெரிவதைக் காட்ட, உருண்டையான கண்ணாடி மீன்தொட்டியை நிரப்பி ஜன்னலோரம் வைத்தேன். பிறகு எடுக்க மறந்துவிட்டேன்.

மறுநாள் காலை கருகல் வாடை வந்தது. தொட்டியருகே மடித்து வைத்திருந்த, எங்கள் ஊர்த் தறியில் நெய்யும் பேண்டேஜ் துணி புகைந்துகொண்டிருந்தது. தொட்டித் தண்ணீரையே ஊற்றி அணைத்தேன்.

"ஏட்டி, தீப்பெட்டிய எடுத்தியா?"

"நான் தொடவே இல்லம்மா" என்று அழுதாள்.

அப்படியானால் எப்படிப் பற்றியது? என் கணவர் தொட்டியை மறுபடி நிரப்பி வெயிலில் வைத்தார். தொட்டிக்குப் பின்னால் ஒரு காகிதத்தைப் பிடித்தார். வெளிச்சம் ஒரு புள்ளியாகக் குவிந்து, காகிதம் பழுப்பேறிப் புகைந்தது.

"வெயிலுதான் தீ வச்சிருக்கும்மா" என்றாள் ஜெனிபா, அழுகையை மறந்து.

இப்போது கண்ணாடிச் சாமான் எதையும் வெயில் படும் இடத்தில் வைப்பதில்லை. எது நடந்தாலும், "நீயா செஞ்ச?" என்று கேட்பதற்கு முன், "எப்படி நடந்திருக்கும்?" என்று அவளோடு சேர்ந்து பார்க்கிறேன்.