நாலு புருவச் சரஸ்வதி

ஞானமுத்து சிரித்தால் தோள் மட்டும் குலுங்கும், சத்தம் வராது. சென்ற மாதம் அவரை அடக்கம் செய்துவிட்டுக் கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பியவர்களுக்கு வீட்டில் முதலில் குறைந்தது அதுதான். இது அவருடைய நல்ல வருடம் ஒன்றைப் பற்றியது.

1961. சிவகாசியில் சங்கரலிங்கத்தின் லித்தோ அச்சகத்தில் அவர் மிஷின்மேன். குடியிருந்தது விருதுநகரில். மனைவி பாக்கியவதிக்கு அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. அதனால் தினமும் ரயிலில்தான் போக்குவரத்து.

அவர் ஓட்டிய மிஷின் ஜெர்மன்காரன் செய்தது, பழசு. அதன் மேல் அவருக்கு ஒரு பிரியம். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் பாதிரியாரின் பிரசங்கம் நீண்டுபோனால் அவர் விரல்கள் தொடையில் அந்த மிஷினின் தாளத்தைத் தட்டிக்கொண்டிருக்கும்.

காலண்டர்ப் படத்தில் ஒவ்வொரு கலரையும் தனித்தனியாகத்தான் ஏற்றுவார்கள். ஒவ்வொரு தடவையும் தாள் வந்து இரண்டு சின்ன இரும்பு நாக்குகளில் முட்டி நிற்க வேண்டும். அதே இடத்தில் நின்றால் படம். ஒரு மயிரிழை தள்ளி நின்றால் கேலிக்கூத்து.

அந்தப் புரட்டாசியில் கேலிக்கூத்துதான் நடந்தது. நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும். திடீரென்று தாள் எடுக்கும் பஞ்சம்மாள் கத்துவாள்.

"அண்ணாச்சி, சரஸ்வதிக்கு நாலு புருவம் வந்துட்டு!"

மேலே நின்று தாள் போடும் வெள்ளைத்துரை சும்மா இருப்பானா? "படிச்ச சாமியில்லா? ரெண்டு காணாதுன்னு கேட்டு வாங்கியிருக்கும்."

நிறுத்திப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். மறுபடி ஓட்டினால் ஒழுங்காக ஓடும். பிறகு எப்போதோ ஒரு நேரம் மறுபடி நாலு புருவம். சீசன் ஆர்டர் முழுக்கக் காத்துக் கிடந்தது. ஒரு நாள் முதலாளி சங்கரலிங்கம் கெட்டுப்போன தாள்களை அள்ளிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"ஞானமுத்து, பேய் பிடிச்ச மிஷினக் கட்டிக்கிட்டு நான் மாரடிக்க முடியாது. வார ஞாயித்துக்கிழம மதுரைக்காரன் ஒருத்தன் பாக்க வாரான். வித்துட்டு வேற பாப்போம். புதுசு வார வரைக்கும் நீங்க டிரெடில்ல நோட்டீஸ் அடிங்க."

டிரெடில் காலால் மிதிக்கிற மிஷின். அதில் கருமாதிப் பத்திரிகை அடிக்கலாம்.

பிசகு எங்கே என்று கண்டுபிடிக்க அவர் அதற்கு முன்பே ஒரு கருவி செய்து மாட்டியிருந்தார். ஒரு பால் பவுடர் டின். அதற்குக் கரும்பலகைப் பெயிண்ட். மிஷின் ஓடும்போது டின்னும் மெல்லச் சுற்றும். இரண்டு நாக்குகளிலிருந்தும் இரண்டு மெல்லிய கம்பிகள் வந்து இரண்டு சாக்பீஸ் துண்டுகளை அசைக்கும். அவை டின்மேல் கோடு இழுக்கும்; தாள் முட்டும்போதெல்லாம் கோட்டில் ஒரு சின்ன மேடு விழும். சாக்பீஸுக்குச் சற்று முன்னால் ஒரு கம்பளித் துண்டு பழைய கோட்டை அழித்துக்கொண்டே போகும். ஆக, கடைசிச் சுற்றில் நடந்தது மட்டும் எப்போதும் டின்னில் இருக்கும்.

யோசனை சரி. பலன்தான் இல்லை. பஞ்சம்மாள் கத்தியதும் மிஷினை நிறுத்துவார். அந்தப் பெரிய சக்கரம் உடனே நிற்குமா? ஓடி ஓய்ந்துதான் நிற்கும். அதற்குள் கம்பளி தன் வேலையைப் பார்த்திருக்கும். எந்தக் கோடு வேண்டுமோ அது போயிருக்கும்.

"திருடனப் பிடிக்க விளக்கக் கொண்டு போறதுக்குள்ள நீங்களே தடத்தக் கூட்டிப் பெருக்கிருதீக" என்றாள் பாக்கியவதி, சோறு போட்டுக்கொண்டே.

"மிஷின் நின்னாத்தான எடுத்துப் பாக்க முடியும்?"

"நிக்காம எடுக்கணும். அதுக்குத்தான உங்களுக்குச் சம்பளம்."

மறுநாள் காலை எக்ஸ்பிரஸ் வண்டிக்கு வழிவிட்டு அவருடைய ரயில் திருத்தங்கலில் ஒதுங்கி நின்றது. எக்ஸ்பிரஸ் அங்கே நிற்காது. பிளாட்பாரத்தில் ஒருவர், வண்டி மேலே போக அனுமதிக்கும் டோக்கன் கட்டிய பிரம்பு வளையத்தை நீட்டிக்கொண்டு நின்றார். எஞ்சினிலிருந்த ஆள் தன் கையிலிருந்த வளையத்தை வீசி எறிந்தார். அதே மூச்சில் நீட்டியிருந்ததைக் கோத்து எடுத்துக்கொண்டார். வண்டி போய்விட்டது. விழுந்த வளையத்தைப் பிளாட்பாரத்து ஆள் நிதானமாகக் குனிந்து எடுத்தார்.

ஞானமுத்து நூறு தடவை பார்த்த காட்சிதான் அது. அன்றுதான் பார்த்தார்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் முதல் டின்னை ஒட்டி இன்னொரு டின் வந்தது. ஒரு கைப்பிடி. இழுத்தால் சாக்பீஸ் இரண்டும் முதல் டின்னை விட்டுத் துள்ளி இரண்டாவதில் உட்காரும். மிஷின் ஓடிக்கொண்டே இருக்கும், கோடும் விழுந்துகொண்டே இருக்கும். நடந்தது மட்டும் முதல் டின்னில் அப்படியே நிற்கும். கழற்றி மடியில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

"கைப்பிடிய நீயே இழு" என்று பஞ்சம்மாளிடம் சொன்னார். தப்பை முதலில் காண்பவள் அவள்தான்.

வியாழக்கிழமை நாலு புருவம் வந்தது. பஞ்சம்மாள் இழுத்தாள். ஞானமுத்து ஓடிவந்து டின்னைப் பார்த்தார். பளிச்சென்று இருந்தது. சாக்பீஸ் மட்டும் தாண்டிப் போயிருந்தது. கம்பளி பழைய டின்னிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் துடைத்துவிட்டது.

வெள்ளைத்துரை மேலேயிருந்து எட்டிப் பார்த்தான். "நல்லாத்தான் கழுவி வச்சிருக்கீக அண்ணாச்சி. பாலக் காச்சி ஊத்திருவமா?"

ஞானமுத்துவின் தோள் குலுங்கியது. கம்பளியையும் சாக்பீஸையும் ஒரே கைப்பிடியில் மாட்டி, இரண்டும் சேர்ந்து துள்ளும்படி செய்தார்.

வெள்ளிக்கிழமை முற்பகலில் பஞ்சம்மாள் மறுபடி இழுத்தாள். "பிடிச்சுட்டேன்!" என்று கோழி பிடித்தவள் மாதிரிக் கூவினாள். மிஷின் நிற்கவில்லை. ஞானமுத்து டின்னைக் கழற்றி ஜன்னலோரம் கொண்டுபோனார்.

இடது கோடு சீராக இருந்தது. வலது கோடும் முக்கால்வாசி சீர்தான். பிறகு ஓரிடத்தில் மேடுகள் எல்லாம் ஒரே அளவு இறங்கிவிட்டிருந்தன. தாள் வலது நாக்கைச் சரியாகத் தொடவில்லை. நடுவில் ஏதோ நிற்கிறது.

மிஷினை நிறுத்தி, லென்ஸை வைத்துப் பார்த்தார். நாக்கின் அடியில் மஞ்சளாக ஒரு சின்னப் பொருக்கு.

சந்தனம்.

வெள்ளிக்கிழமைதோறும் முதலாளியின் மனைவி சொர்ணலட்சுமி அச்சகத்துக்கு வந்து மிஷின்களுக்குச் சந்தனம் குங்குமம் வைப்பார். இந்த மிஷினில் அவர் பொட்டு வைக்கும் இடம் வலது நாக்குக்கு மேலே, துருத்திக்கொண்டிருக்கும் குமிழ். ஞானமுத்து தினமும் மிஷினைத் துடைப்பார், அந்தக் குமிழைத் தவிர. அவர்கள் சாமி காரியம். கிறிஸ்தவன், வேதக்காரன் கைவைத்து அழித்தான் என்று வந்துவிடக் கூடாது. வெள்ளைத்துரையும் துடைக்க மாட்டான். சாமிக்கு வைத்த பொட்டு. ஆக, வாரத்துக்கு ஒன்றாகச் சந்தனம் அடுக்கடுக்காகக் காய்ந்து கனத்துப் போயிருந்தது. எப்போதாவது ஒரு பொருக்கு உதிர்ந்து கீழே நாக்கில் ஒட்டும். அதிர்வில் தானாகவே விழுந்தும் போகும்.

"இத யாரு சொல்ல?" என்றாள் பஞ்சம்மாள்.

வெள்ளைத்துரை ஏணியில் இன்னொரு படி மேலே ஏறிக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்து சொர்ணலட்சுமி கையில் சந்தனக் கிண்ணத்தோடு உள்ளே வந்தார். பின்னால் முதலாளி. சந்தனம் தோய்ந்த விரல் குமிழை நோக்கிப் போனது.

"அம்மா" என்றார் ஞானமுத்து. வாயைத் திறந்தால் மரியாதை போகலாம். மூடிக்கொண்டால் மிஷின் போய்விடும். "ஒரு நிமிசம். இதப் பாருங்க."

டின்னைக் காட்டினார். பிறகு லென்ஸைக் கொடுத்தார். சொர்ணலட்சுமி குனிந்து நெடுநேரம் பார்த்தார். முதலாளி குமிழைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார்.

"இது நான் வச்சதா?"

"ஆமாம்மா."

"மிஷினுக்குப் பேய் பிடிச்சிருக்குன்னு இவுக வீட்டுல சொல்லப் போயி, மூணு வாரமா நான் இதுக்கு மட்டும் ரெட்டிப்பால்லா அப்புனேன்!" சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு பீறிட்டது. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பஞ்சம்மாளும் சேர்ந்துகொண்டாள். "பேயே நான்தானா?" என்று அவர் கேட்டபோது முதலாளிக்கும் தாங்கவில்லை.

ஞானமுத்து மண்ணெண்ணெயில் துணியை நனைத்து, முதலாளி தலையசைத்த பிறகு, குமிழைத் துடைத்தார். இரும்பு பளபளத்தது. வெள்ளைத்துரை தாள் போட்டான். பஞ்சம்மாள் ஒவ்வொன்றாக எடுத்துத் தூக்கிக் காட்டினாள். "ரெண்டு புருவம்... ரெண்டு... இதுலயும் ரெண்டு..." மாலைவரை ஓடியது. கைப்பிடியை இழுக்க வேலையே வரவில்லை. கடைசித் தாளை முதலாளி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மதுரைக்காரனுக்குத் தந்தி அடிங்க" என்று கணக்கப்பிள்ளையிடம் சொன்னார். "மிஷின் விக்கிறதுக்கு இல்ல, வரவேண்டாம்னு." பிறகு ஞானமுத்துவிடம், "அந்த ரெட்ட டின்னு... மத்த மிஷினுக்கும் ஒன்னு ஒன்னு பண்ணிருங்க."

சொர்ணலட்சுமி மட்டும் போகவில்லை. கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மிஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா மூளி நெத்தியா விட்டுட்டுப் போகவா? நீங்களே சொல்லுங்க ஞானமுத்து. இதுக்கு நெத்தி எங்கன இருக்கு?"

ஞானமுத்து அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. மிஷினை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அசையாத இடமாக, தாள் அண்டாத இடமாக, உதிர்ந்தாலும் தரையில் விழுகிற இடமாக இருக்க வேண்டும். பெரிய சக்கரத்தின் மூடிமேல், தன் துணியால் ஒரு வட்டம் துடைத்து, உள்ளங்கையால் தடவிப் பார்த்தார்.

"இங்கன வைங்கம்மா. தாராளமா வைங்க."