ஏழாம் இலக்கப் பை

என் அலுமாரியின் அடித்தட்டில் ஒரு துணிப்பை கிடக்கிறது. மேலே கறுப்பு மையில் 7. உள்ளே வெள்ளைக் கல்தூள், இரண்டு சுண்டு அளவு வரும்.

எண்பத்துமூன்றின் தொடக்கத்தில் வேலணையில் எங்கள் புகையிலைத் தோட்டத்தின் கீழே சீமெந்து செய்யும் சுண்ணாம்புக் கல் எவ்வளவு கிடக்கிறதென்று மதிப்பிட ஒரு எஞ்சினியர் வந்தார். கல் தேறினால் காணி போய்விடும். துளையிட அவர் அடித்த ஏழாவது முளை என் நல்ல தண்ணீர்க் கிணற்றுக்குப் பத்தடியில் நின்றது. “தம்பி, எங்கட தீவிலை நல்ல தண்ணி மேலைதான். ஆழத் துளைச்சால் உப்பு ஏறும்” என்றேன். வேலைக்காரரைப் பார்த்துச் சிரித்தார். “நீர் முதல்லை கையெழுத்து வைக்கப் பழகும். பிறகு எனக்குப் படிப்பியும்.” என் வயதில் பாதி அவருக்கு. மூன்று கிழமையில் கிணறு உவர்த்தது. கருகிய புகையிலைக் கன்றுகளை என் கையாலேயே பிடுங்கினேன்.

துளைத்தெடுத்த தூளைப் பைகளில் கட்டி, லொறி வரும்வரை என் விறாந்தையில்தான் வைத்தார்கள். “அந்த மனிசிக்கு வாசிக்கத் தெரியாது, பயமில்லை” என்றார் அவர். எழுத்துத்தான் எனக்கு வராது. இலக்கம் வரும், புகையிலை நிறுத்து வளர்ந்தவள். துளைக்காத நிலத்துக்கும் அயல் துளைகளை வைத்துக் கணக்குப் போடலாம், கிட்ட உள்ளதற்குப் பங்கு கூட என்று அவர் வேலைக்காரருக்கு விளக்கியதையும் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்படியென்றால் நடுவில் உள்ளது பொய் சொன்னால் சுற்றிவர எல்லாம் பொய். நடுவில் இருந்தது ஏழு.

உண்மையான ஏழாம் பையை ஒளித்துவிட்டு, வெறும் பையொன்றில் கடல் மணலையும் களிமண்ணையும் நிரப்பி அதன் இடத்தில் வைத்தேன். மேலே 7 என்று நானே எழுதினேன். என் வாழ்நாளில் மையால் எழுதிய முதல் இலக்கம் அது.

அந்தப் பைகளை வைத்து அவர் கீறிய படத்தில் தோட்டத்தின் நடுப்பகுதி முழுக்கக் கல் இல்லாமல் போனது. நம்பாத மேலதிகாரி வந்து அதே இடத்தில் திரும்பத் துளைப்பித்தார். வெள்ளைக் கல்லாகவே வந்தது. “நீர் எங்கை ஐசே துளைச்சனீர்? கடற்கரையிலையோ?” என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டார். எஞ்சினியர் வியர்த்துப்போய் நின்றார். என் கிணற்றில் ஒரு செம்பு அள்ளி நீட்டினேன். “குடியும், தம்பி.” ஒரு வாய் வைத்துத் துப்பினார். என்னையே பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. சொல்லத்தான் ஏலாது, வாசிக்கத் தெரியாத மனிசியென்று பைகளை என்னிடம் விட்டவரே அவர்தானே.

அவரை விலக்கினார்கள். முழுவதையும் புதிதாக அளப்போம் என்று போனவர்கள், ஆடிக் கலவரத்தில் நாடு எரிந்தபிறகு திரும்பவில்லை. காணி என்னிடமே நிற்கிறது. கிணறு இன்றும் உப்பு.

பையை எறியச் சொல்கிறாள் மகள். இடைக்கிடை எடுத்துக் கையில் நிறை பார்ப்பேன். ஒரு சிறங்கையும் குறையவில்லை.