காற்று போதாத கோளில் யார் பெயரைச் சீட்டில் எழுதுவது?

இன்று பிரிக்பீல்ட்ஸ் வாழையிலை உணவகம் ஒன்றில் ஒரு கோளையே இழுத்து மூடப் பார்த்தோம்!

(சாப்பாடு நன்றாக இருந்தது. பிரச்சினை அதில் இல்லை.)

தெரியாதவர்களுக்கு: பகலில் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் ப்ளானிங் வேலை பார்க்கிறேன். மற்ற நேரத்தில், மனிதர்கள் பூமியை விட்டுப் போன பிறகு நடக்கும் ஓர் அறிவியல் புனைவு உலகத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

நாவலாக எழுதுவதற்கு முன் அதை நண்பர்களிடம் விளையாட்டாக ஓட்டிப் பார்ப்பேன். நான் நிலைமையைச் சொல்வேன். அவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து முடிவெடுப்பார்கள்.

நண்பர்கள் என்றால் இரண்டு பேர்தான். (மற்றவர்கள் எல்லாம் "பிஸி லா.")

சுமதி, கிள்ளானில் வழக்கறிஞர். அவளுடைய அப்பா கேரி தீவு எஸ்டேட்டில் பிறந்தவர்.

பிரகாஷ், கோயம்புத்தூரிலிருந்து இங்கே வேலைக்கு வந்த சாஃப்ட்வேர்க்காரன். எங்கள் இருவரையும்விட இளையவன். வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறான், இன்னும் பதில் வரவில்லை.

இன்றைய நிலைமை இதுதான்.

தூரத்துக் கோள் ஒன்றில், கண்ணாடிக் கூரைக்கு அடியில் ஓர் ஊர். பல தலைமுறைகளாக அங்கே மனிதர்கள் வாழ்கிறார்கள். இப்போது பூமியிலிருந்து இன்னொரு கப்பல் நிறைய ஆட்கள் வந்து வாசலில் நிற்கிறார்கள்.

காற்று இயந்திரம் எல்லாருக்கும் போதாது. மிஞ்சுகிறவர்கள் கப்பலில் இருக்கும் தூக்கப் பெட்டிக்குள் போக வேண்டும். திரும்ப எழுப்ப முடியுமா என்று யாருக்கும் தெரியாது.

பிரகாஷை ஊர்த்தலைவன் ஆக்கினேன். சுமதியைக் கப்பல் கேப்டன் ஆக்கினேன். (உள்ளூர்க்காரியை வெளியேயும், வெளியூர்க்காரனை உள்ளேயும் வைத்த என் புத்திசாலித்தனம்!)

பிரகாஷ் யோசிக்கவே இல்லை. "கதவைத் திறக்க முடியாதுங்க."

"டேய், நீயே வெளிய இருந்து வந்தவன் லா. நீ இப்படிச் சொல்லலாமா?" என்றாள் சுமதி.

"இப்ப நான் தலைவர்க்கா. உள்ள இருக்கறவங்க உசுரு என் பொறுப்பு."

அப்பளம் தீரும்வரை இருவரும் இறங்கி வரவில்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. நாவலின் கடைசி அத்தியாயத்துக்காகப் பத்திரப்படுத்தியிருந்த திருப்பத்தை அவிழ்த்துவிட்டேன்.

"சரி, ஒரு ரகசியம் சொல்றேன். ஊருக்கு அடியில இன்னொரு காத்து மெஷின் இருக்கு. பழைய தலைவருங்க மறைச்சு வெச்சிட்டாங்க. அத ஓட்டுனா எல்லாருக்கும் போதும்."

கைதட்டலை எதிர்பார்த்தேன்.

"என்ன ஏமாத்து வேலை இது?" என்றாள் சுமதி. "எவனோ ஒரு கெட்டவன் மறைச்சிட்டான், கண்டுபிடிச்சாச்சு, சுபம். இதுக்கா நான் கிள்ளான்ல இருந்து ட்ரெயின் ஏறி வந்தேன்?"

"அந்த மெஷினைத் தூக்கிருங்கண்ணா," என்றான் பிரகாஷ். "அது இருந்தா யாரும் எதையும் முடிவு பண்ணவே வேண்டாம்."

தூக்கிவிட்டேன். (நாவலின் கடைசி அத்தியாயமும் அதோடு போனது.)

கொஞ்ச நேரம் கழித்துப் பிரகாஷ் சொன்னான். "குலுக்கல் போடலாம். கப்பல்ல வந்தவங்க, ஊர்ல இருக்கறவங்க, எல்லார் பேரும். என் பேரும்தான். சீட்டு விழுந்தா பெட்டிக்குள்ள போகணும்."

ஒரு கேப்டன் இதைக் கேட்டுத் துள்ளிக் குதிக்க வேண்டும்!

சுமதி குதிக்கவில்லை. "முடியாது. ஊர்க்காரங்க பேரு எதுக்கு? அவங்க அங்கயே பொறந்தவங்க."

"கேப்டன், நீ கப்பல் பக்கம்," என்று நினைவூட்டினேன். காதிலேயே வாங்கவில்லை.

"எங்கப்பா இங்கதான் பொறந்தாரு. சூராட், அதான் பொறப்புப் பத்திரம், இல்லன்னு சிவப்பு ஐசி குடுத்தாங்க. அந்த அடையாள அட்டை இருந்தா தங்கலாம், ஆனா குடிமகன் இல்ல. குடிமகனோட நீல ஐசி கைக்கு வர்றதுக்குள்ள தலை நரைச்சிடுச்சு. ஒவ்வொரு கவுண்டர்லயும் நின்னு, நானும் இந்த ஊருதான்னு சொல்லிட்டே இருந்தாரு. அந்த மாதிரி ஆளுங்களத் திரும்பவும் சீட்டுல போடச் சொல்றியா?"

பிரகாஷ் இலையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அவங்க போகணும்னு நான் சொல்லலைக்கா. ஆனா வந்தவங்க பேரை மட்டும் போட்டா அது குலுக்கலே இல்லை. என் பெர்மிட் ஏதோ ஒரு மேசை மேல கிடக்குது. அந்த மேசைல என்னை மாதிரி ஆளுக பேரு மட்டும்தான் இருக்கும். டெய்லி போனை எடுத்து எடுத்துப் பாக்குறேன்."

பரிமாறுகிறவர் வந்து, "அண்ணே, ரசம்?" என்றார்.

மூவரும் ஒரே குரலில் வேண்டாம் என்றோம். (இன்றைக்கு ஒத்துப்போன ஒரே விஷயம்.)

நான் கொடுத்த பாத்திரங்களை அவர்கள் எப்போதோ கழற்றி வைத்துவிட்டார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது. ஒன்றைத் தேர்ந்தெடுக்க என்னால் முடியவில்லை. அந்த உலகத்தைக் கட்டியவனே நான்தான்!

சுமதி எழுந்து போய்க் கை கழுவினாள். நன்றாகவே நேரம் எடுத்துக் கழுவினாள். திரும்பி வந்து நின்றபடியே சொன்னாள்.

"சரி, எல்லார் பேரையும் போடு. சின்னப் பிள்ளைங்க பேரு மட்டும் கூடாது. சீட்ட நான்தான் எடுப்பேன்."

பிரகாஷ் தலையாட்டினான்.

டிஷ்யூவைக் கிழித்து, என் உலகத்தில் இருக்கிற பெயர்களை எல்லாம் எழுதி, காலி டம்ளரில் போட்டேன். சுமதி குலுக்கி ஒன்றை எடுத்தாள்.

பிரித்தாள். வாய்விட்டுப் படிக்கவில்லை. பிரகாஷ் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

ஊர்த்தலைவன்.

அவன் அதை வாங்கி, நாலாக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"சரி லா," என்றான். (அவன் வாயில் எங்கள் ஊர் 'லா' வந்து இன்றுதான் கேட்கிறேன்.) "அடுத்ததை எடுங்கக்கா."

சுமதி டம்ளரின் வாயை உள்ளங்கையால் மூடினாள். பில் வரும்வரை கையை எடுக்கவே இல்லை.

மீதிச் சீட்டுகள் இப்போது என் பையில் இருக்கின்றன. எழுதியவன் நான் என்பதால் நான் எடுக்கக் கூடாது என்று இருவருமே சொல்லிவிட்டார்கள்.

படிக்கிற உங்களிடம் நீட்டினால், நீங்கள் ஒன்று எடுப்பீர்களா?