மூன்றாவது கூடை

தங்கை கிளம்பிய ஞாயிற்றுக்கிழமை விசில் டீச்சர் பஸ் நிலையத்துக்குப் போகவில்லை. வாசல் வரைகூட வரவில்லை. அடுப்படியில் நின்று, கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, போயிட்டு வரேன்."

"போறவ எதுக்கு வரேன்னு சொல்லணும்? போ."

பெட்டியின் சக்கரம் படிகளில் தடதடவென்று இறங்கியது. அவ்வளவுதான்.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் தட்டெறி விளையாட்டு அமைக்கலாம் என்று ஆரம்பித்ததே தங்கைதான். குறித்த இடத்தில் நின்று பிளாஸ்டிக் தட்டை வீச வேண்டும். கம்பத்தில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடைக்குள் அது விழ வேண்டும். குறைந்த வீச்சில் எல்லாக் கூடைகளையும் முடிப்பவருக்கு வெற்றி. வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்த தங்கை ஒன்பது கூடைகளையும் தன் கையாலேயே பற்றவைத்தாள். அந்தப் பள்ளியின் விளையாட்டு டீச்சரான அக்கா இடம் அளந்து குறித்தாள். புதிதாக ஆடுகிறவர்களுக்கென்று போட்டதுதான்; ஆனாலும் டீச்சருக்கு அளவென்றால் அளவு. எட்டுக் கூடைகள் நட்டாயிற்று. திங்கட்கிழமை திறப்பு என்னும்போது, வெளிநாட்டுப் பட்டறை ஒன்றில் வேலை கிடைத்துவிட்டது என்று தங்கை மூட்டை கட்டினாள்.

"மூணாவது மட்டும்தானே பாக்கி? காலைல நானே நட்டுட்டுக் கிளம்பறேன்" என்றாள். நட்டுவிட்டுத்தான் போனாள்.

திங்கட்கிழமை அதைப் பார்த்ததும் டீச்சருக்கு ரத்தம் தலைக்கேறியது. பெரிய மரத்துக்கு அப்பால் சுண்ணாம்பால் போட்ட குறி அப்படியே கிடந்தது. கூடையோ மரத்துக்கு இந்தப் பக்கம், வீசுகிறவரின் மூக்கில் இடிப்பதுபோல் நின்றது. சிமென்ட் இறுகிப்போயிருந்தது.

"இதுக்கு எறியவே வேணாம் டீச்சர், கைய நீட்டி வெச்சிட்டு வந்துடலாம்" என்றார் கணக்கு சார்.

"சார், உங்க வேலையப் பாருங்க."

சின்ன வயதிலிருந்தே தங்கை இப்படித்தான் என்று டீச்சர் பொருமினாள். பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்வாள். இதே மைதானத்தில் அக்கா கேப்டனாக இருந்தபோது, அவள் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து மற்றவர்களின் செருப்புக்குக் காவல் காத்தவள். ஒரு வேலையை உருப்படியாக முடித்ததுண்டா? அன்றிலிருந்து தங்கை கூப்பிட்டால் டீச்சர் போனை எடுப்பதில்லை. அடுத்த விடுமுறையில் அந்தக் கூடையைப் பெயர்த்துவிடுவது என்று கடப்பாரையும் கொண்டுவந்து வைத்தாள்.

அந்தத் திட்டத்தைக் கெடுத்தது வயிற்றுவலி கோஷ்டி. விளையாட்டு வகுப்பு என்றாலே வயிற்றுவலி, சுளுக்கு, தலைசுற்றல் என்று சுவரோரம் ஒதுங்கும் பெண்களுக்கு டீச்சர் வைத்த பெயர். முதல் இரண்டு கூடைகளில் அவர்களுடைய தட்டுகள் புதருக்குள் பாய்ந்தன. மூன்றாவதில் சும்மா வீசியதற்கே சங்கிலி கலகலத்தது. துள்ளிக் குதித்தார்கள். அடுத்த வாரம் ஒருத்திக்கும் வயிறு வலிக்கவில்லை.

டீச்சருக்கு அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது. "தப்பா நட்டுட்டுப் போனவளுக்குப் பேரு வேற" என்று பல்லைக் கடித்துக்கொண்டே கடப்பாரையைத் திருப்பிக் கொடுத்தாள்.

சில வருடங்கள் கழித்து, பள்ளிகளுக்கிடையே போட்டி நடத்தத் தாளாளருக்கு ஆசை வந்தது.

"வெளிப் பசங்க பாத்தா சிரிப்பாங்க டீச்சர். குப்பத்தொட்டி மாதிரி பக்கத்துலயே ஒரு கூடை! கொத்தனார வரச் சொல்லிட்டேன்."

"வரட்டும். மொதல்ல என்னைப் பேத்தெடுக்கச் சொல்லுங்க."

"தப்பான எடத்துல இருக்குன்னு நீங்களே ஊர் பூரா திட்டினீங்களே?"

"திட்டினேன். என் தங்கச்சிய நான் திட்டுவேன். உங்களுக்கென்ன?"

கொத்தனார் வந்தபோது அவள் கூடையின் சிமென்ட் மேடையில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவர் கடப்பாரையைத் தூக்கும்போதெல்லாம் விசில் அலறியது.

"காது கிழியுதும்மா! நீங்களும் ஐயாவும் பேசி முடிங்க, நான் ஒரு டீ குடிச்சிட்டு வரேன்." டீ குடிக்கப் போனவர் போனவர்தான்.

கடைசியில் தலைமை ஆசிரியை நடுவில் புகுந்து ஒரு வழி சொன்னார்: கூடை இருக்கட்டும், போட்டியன்று மட்டும் அதை மூடிவிட்டு எட்டோடு முடித்துக்கொள்வோம். வேறு வழியில்லாமல் டீச்சர் தலையாட்டினாள். கைதியின் முகத்தை மூடுவதுபோல் மூன்றாவது கூடைக்குக் கோணியைப் போர்த்திக் கயிற்றால் கட்டினார்கள். நாள் முழுக்க டீச்சர் அந்தக் கோணியையே முறைத்துக்கொண்டிருந்தாள். ஜெயித்தவர்களுக்குக் கைகூடத் தட்டவில்லை.

கடைசி வண்டி வாசலைத் தாண்டியதும் கத்தியோடு போய்க் கயிற்றை அறுத்தாள். கோணியை உதறிக் கடாசினாள். சுவரோரம் நின்ற அந்த வருட வயிற்றுவலி கோஷ்டியைப் பார்த்து, "என்ன வேடிக்கை? வாங்கடி, வந்து எறிங்க!" என்று கத்தினாள். இருட்டும்வரை சங்கிலி ஓயவில்லை. கோபமும் ஓயவில்லை. தாளாளர் மேல், தலையாட்டிய தன் மேல், எல்லாரையும்விட, இந்த வம்பை நட்டுவிட்டுப் போனவள் மேல்.

மேலும் பல வருடங்கள் ஓடின. பள்ளி ஆண்டுவிழாவுக்காக யாரோ அந்தப் போட்டியின் பழைய படங்களை இணையத்தில் போட்டார்கள். மறுநாள், டீச்சர் விசிலை ஊதிப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தபோது, அவள் போனில் ஒரு செய்தி வந்து விழுந்தது.

"அக்கா, போட்டோ பாத்தேன். மூணாவது கூடைக்கு ஏன் கோணி போட்டு மூடியிருக்கீங்க? அளவு தப்பல. தெரிஞ்சேதான் கிட்டக்க நட்டேன். உன் டீம்ல ஒருநாளாவது என்னை எடுத்திருந்தா உனக்கே புரிஞ்சிருக்கும். அதை யாரையும் தொட விடாத. இப்பவாவது போனை எடு."