சாரைக்குக் கண் வெளுத்த வாரம்

சாரைக் குட்டி பிறக்கும்போதே சண்டைக்கு வரும். முட்டையைக் கிழித்துக்கொண்டு தலையை மட்டும் வெளியே நீட்டியிருக்கும், உடம்பு இன்னும் உள்ளேதான் கிடக்கும், அதற்குள் நாம் விரலைக் காட்டினால் வாயைப் பிளந்துகொண்டு பாயும். வெறும் பயம்தான் அது என்று பின்னால் எனக்குப் புரிந்தது. அன்று அதைக் கோபம் என்று நினைத்தேன், பிடித்துப்போயிற்று. எனக்கும் மூக்குக்கு மேல் கோபம் வரும்.

எனக்கு அப்போது பதினேழு வயது. சுதந்திரம் வந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருக்கும். தங்கவயலில் சுரங்கத் தூசி நெஞ்சில் ஏறி அப்பா செத்துப்போன பிறகு, அண்ணனுக்குப் பெங்களூரில் ஒரு ஆலையில் வேலை கிடைத்தது. தொம்மலூரில் ஒரு ஓட்டு வீட்டுக்குக் குடி வந்தோம். அம்மா, அண்ணன், அண்ணி, நான், நாலே பேர். அண்ணிக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகியும் பிள்ளை இல்லை. எங்கள் வீட்டில் அதைத் தவிர வேறு பேச்சே கிடையாது. தீபாவளி வரைக்கும் பார்ப்பேன், அதற்கப்புறம் குடியாத்தத்திலிருந்து அண்ணனுக்கு வேறு பெண் கொண்டுவருவேன் என்று அம்மா அண்ணியை வைத்துக்கொண்டே சொல்லுவாள். அண்ணி தலை குனிந்தபடி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருப்பாள்.

எனக்கு அண்ணியைப் பிடிக்காது. காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. அவளுக்குக் கோபமே வராது, அதுதான் எனக்குக் கோபம். என்ன சொன்னாலும் "சரி பாப்பா" என்பாள்.

அந்த ஆனி மாதம் வீட்டுக்குப் பின்னால் இருந்த எருக்குழியை அண்ணன் வெட்டினான். மண்வெட்டியில் முட்டைகள் வந்தன. வெள்ளையாக, தோல் போல மெத்தென்று, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒன்பது முட்டை. பாம்பு முட்டை என்று தெரிந்ததும் ஏழு முட்டையை அங்கேயே மிதித்து நசுக்கிவிட்டான். சத்தம் கேட்டு வந்த அம்மா தலையிலடித்துக்கொண்டாள்.

"அடப் பாவி! நாகதோசம்தான் புள்ளையைத் தடுக்குதுன்னு ஜோசியன் தலையால அடிச்சிக்கிறான், நீ முட்டையைப் போயி மிதிக்கிறியேடா!"

பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்து, "இது கேரே ஹாவும்மா. விஷ இல்ல" என்றாள். கேரே ஹாவு என்றால் சாரை. சாரையானால் என்ன, நல்ல பாம்புக்குப் புருஷன்தானே, பெண்டாட்டியிடம் பட்ட தோஷமும் புருஷனிடம் பட்ட தோஷமும் ஒன்றுதான் என்று அம்மா முடிவு கட்டினாள். மிச்சமிருந்த இரண்டையும் வளர்த்து விட்டால் தோஷம் தீரும் என்று அவளே ஒரு பரிகாரமும் கண்டுபிடித்தாள். வளர்க்கிற வேலை என்னிடம் வந்தது. மற்ற யாரும் கிட்டப் போகவில்லை.

இரண்டும் பொரிந்தன. சுண்டுவிரல் பருமன், ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான நீளம், முகத்துக்குப் பொருந்தாத பெரிய கண்கள். அப்பாவின் பழைய தகரப் பெட்டிக்குக் கம்பிவலை மூடி போட்டு அதில் விட்டேன். ஒன்று சாது. தொட்டால் சுருண்டு தலையை உடம்புக்கடியில் ஒளித்துக்கொள்ளும். மற்றது ராட்சசன். பெட்டிப் பக்கம் நிழல் விழுந்தாலே கழுத்தை உப்பிக்கொண்டு சீறும், வால் நுனியைக் காய்ந்த சருகில் அடித்து நடுங்க வைக்கும், பாயும். பாய்ந்து பாய்ந்து வலையில் மூக்கை மோதிக்கொள்ளும். விளக்குமாற்றுக் குச்சியால் பெட்டியைத் தட்டித் தட்டி, எத்தனை தடவை பாயும் என்று எண்ணுவேன். ஒருநாள் முப்பதைத் தாண்டியது. அதன் மூக்கில் ரத்தம் வந்த பிறகுதான் குச்சியைக் கீழே போட்டேன். அன்று சோறு நன்றாக இறங்கியது.

ஆனால் அதே ராட்சசன்தான் எனக்குப் பழகினான். குட்டிச் சாரையைப் பழக்க ஒரே வழிதான் உண்டு. மேலிருந்து கையைக் கொண்டுபோகக் கூடாது. மேலிருந்து வருவது அதற்குப் பருந்து. பக்கவாட்டில் போய் அடிவயிற்றுக்குக் கீழே கையைக் கொடுக்க வேண்டும். கடித்தால் கையை இழுக்கக் கூடாது. இழுத்துவிட்டால், கடித்தால் இது போய்விடும் என்று கற்றுக்கொள்ளும். நான் இழுக்கவில்லை. முள் கீறியது போல நாலைந்து புள்ளியில் ரத்தம் வரும், துடைத்துக்கொண்டு மறுபடியும் கையைக் கொடுப்பேன். இருபது நாளில் என் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டு நாக்கை நீட்டி நீட்டி என் விரல்களை விசாரிக்க ஆரம்பித்தது. இரை தின்றால் மட்டும் இரண்டு நாள் தொடக் கூடாது, தொட்டால் கக்கிவிடும். ஏரிக்கரையிலிருந்து சின்னத் தவளைகளைப் பிடித்து வந்து போடுவேன். உயிரோடு பின்பக்கத்திலிருந்து விழுங்கும்போது தவளை கத்துகிற சத்தம் கூடம் வரைக்கும் கேட்கும். அண்ணி காதைப் பொத்திக்கொள்வாள். அதற்காகவே பெட்டியை அவள் பக்கம் நகர்த்தி வைப்பேன்.

நாகபஞ்சமியன்று அம்மாவுக்கு இரண்டு குட்டிகளும் பால் குடித்தே ஆகவேண்டியிருந்தது. கிண்ணத்தில் வைத்துப் பார்த்தாள், அவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உடனே தன் துணிப்பெட்டியிலிருந்து வெள்ளிப் பாலாடையை எடுத்தாள். பேரப்பிள்ளைக்கென்று அண்ணன் கல்யாணமான வருஷமே வாங்கி வைத்தது, யார் வாயிலும் படாதது. சாதுவைத் தலையைப் பிடித்துக் கொடுக்கச் சொன்னாள். கொடுத்தேன். அது கடிக்கக்கூட இல்லை. பாலாடையின் மூக்கை வாய்க்குள் விட்டு அம்மா ஊற்றிக்கொண்டே இருந்தாள். மூக்கு வழியாகப் பால் திரும்பி வந்தது, அப்புறம் குமிழ் குமிழாக வந்தது. ராத்திரிக்குள் செத்துப்போயிற்று. அண்ணி கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தாள். "திருப்தியாக் குடிச்சுட்டுப் போய்ச் சேர்ந்துச்சு" என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அம்மாவைக் கிட்ட வர விடாததால் ராட்சசன் பிழைத்தான். ஐப்பசிக்குள் மூன்று தடவை சட்டை உரித்தான். அதை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை. சட்டை உரிக்கிறதுக்கு முன்னால் முதலில் நிறம் மங்கும், அடிவயிறு லேசாகச் சிவக்கும். இரண்டு நாளில் கண் இரண்டும் பால் ஊற்றியது போல வெளுத்துவிடும். நாலைந்து நாளுக்குக் கண் தெரியாது, அப்போது என்னைக்கூடக் கடிக்கும். பிறகு கண் தெளியும். தெளிந்து மூன்று நாலு நாள் கழித்துத்தான் சட்டை கழலும். வெளுத்த நாட்களில் பெட்டியை என் கட்டிலுக்கடியில் தள்ளி வைப்பேன். கண் அவிந்த பாம்பு என்று அம்மா பயந்து வேறு ஏதாவது பரிகாரம் பண்ணிவிடக் கூடாதே என்றுதான்.

தீபாவளிக்குப் பதினைந்து நாள் இருந்தது. அண்ணி கூடம் பெருக்கும்போது பெட்டி மூடி சரியாகப் போடாமல் இருந்ததால் பாம்பு வெளியே வந்து அவள் கையில் கடித்துவிட்டது. மூடியை ஒழுங்காகப் போடாதது நான்தான். அவள் வாயைத் திறக்கவில்லை. ஆனால் ரத்தத்தை அண்ணன் பார்த்துவிட்டான்.

"ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. அன்னிக்கு இதோட கதையை முடிக்கிறேன். பரிகாரமும் வேணாம், மண்ணும் வேணாம்" என்றான். அம்மாவும் இந்தத் தடவை தடுக்கவில்லை. பரிகாரம் பண்ணியும் பிள்ளை வரவில்லையே.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் பாம்பைக் கையில் எடுத்தபோது அடிவயிறு சிவந்திருந்தது. அண்ணிக்கு நாள் தள்ளிப்போய் எட்டு நாள் ஆகியிருந்தது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மூன்று நாள் ஒதுங்கி உட்காருகிற வீட்டில் அதெல்லாம் ரகசியமாக இருக்க முடியாது. இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"ஏம்மா, மாசமா இருக்கறவ பாத்தா பாம்புக்குக் கண்ணு அவிஞ்சிடும்னு நீதானே சொல்லுவே? அண்ணியைப் பாக்கச் சொல்லேன். தெரிஞ்சிடும்ல?"

அம்மா உடனே அண்ணியைத் தலை முழுகச் சொல்லி, ஈரப் புடவையோடு பெட்டிக்கு முன்னால் உட்கார வைத்தாள். அண்ணி பாம்பைப் பார்த்தாள், பாம்பு அண்ணியைப் பார்த்தது. "கண்ணைச் சிமிட்டாம பாரு" என்று அம்மா அவள் தாடையைப் பிடித்துத் திருப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் தடியோடு வந்தான். அம்மா மூடியைத் திறந்தாள். இரண்டு கண்ணும் வெளுத்துப் பால் நிறமாக இருந்தன.

அம்மா போட்ட சத்தத்தில் பக்கத்து வீடுகள் திரண்டன. அண்ணன் தடியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றான். பாம்பு தெய்வமாகிவிட்டது, தலைக்கு மேல் பூ விழுந்தது. அண்ணி குடம் தூக்கக் கூடாது என்றாள் அம்மா. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்கு முன்னால் இலை போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து நெய் ஊற்றினாள். அண்ணி சாப்பிடும்போது அழுதாள். நான் பாம்பு பிழைத்த சந்தோஷத்தில் இரண்டாம் தடவை சோறு வாங்கிக்கொண்டேன்.

புதன்கிழமை மத்தியானம் அம்மா கோவிலுக்குப் போயிருந்தாள். கொல்லைப்பக்கம் போனேன். அண்ணி துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து ஒரு பழைய துணியை அலசிக்கொண்டிருந்தாள். தண்ணீர் சிவப்பாக ஓடியது. என்னைப் பார்த்தவள் எழுந்திருக்கவில்லை. இரண்டு கையையும் ஈரத்தோடு சேர்த்துக் கும்பிட்டாள். நான் திரும்பி உள்ளே வந்துவிட்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை. இரக்கத்தினால் இல்லை. அண்ணி மாசமாக இருக்கிற வரைக்கும்தான் என் பாம்பைத் தொட மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை பூ போட வந்த அம்மா பெட்டிக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டாள். கண் தெளிந்திருந்தது. கறுப்பாக, பளபளவென்று அம்மாவையே பார்த்தது.

"கண்ணு தொறந்துக்கிச்சே! கரு போச்சே!"

அண்ணியின் முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். துணிக் கொடி, படுக்கை, மூட்டை எல்லாவற்றையும் உதறிப் பார்த்தாள், கறையைக் கண்டுபிடித்தாள். "என்னாத்தைத் தின்னு கலைச்சே? சொல்லுடி! என் வம்சத்தை என்னா பண்ணே?" கரண்டியால் தோளில், முதுகில், கையில் அடித்தாள். அண்ணன் வாசலில் நின்று பீடி குடித்தான்.

பாம்பு என் மணிக்கட்டில் சுற்றியிருந்தது. பாம்புக்கு இது மாதாமாதம் நடக்கிறது, கண் வெளுப்பதும் தெளிவதும் சட்டை உரிக்கத்தான், இன்னும் நாலு நாளில் நீயே பார்ப்பாய் என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். உரித்த மூன்று சட்டையும் என் கட்டிலுக்கடியில் இருந்தன. சொன்னால் கரண்டி என் பக்கம் திரும்பும், தடி பாம்பின் பக்கம் திரும்பும். நான் வாயைத் திறக்கவில்லை. அண்ணியும் திறக்கவில்லை. அடிபடும்போது ஒரு தடவை என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை அவளை ஊரில் கொண்டுபோய் விட அண்ணன் கிளம்பினான். மூட்டை கட்ட உதவி செய்யச் சொல்லி அம்மா என்னை உள்ளே அனுப்பினாள். வீங்கிய கையால் அவளுக்கு முடிச்சுப் போட முடியவில்லை, நான் போட்டேன். கதவை ஒருக்களித்துவிட்டு மெதுவாகப் பேசினாள்.

"நான்தானே பாப்பா தினம் உன் கட்டிலுக்கு அடியில பெருக்கறேன். அது கண்ணு வெளுக்கறதும் தோல் உரிக்கறதும் எனக்குத் தெரியாதா? எனக்காக நீ பொய் சொன்னே பாரு, அதை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்."

நான் மூட்டையின் முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினேன்.

"அத்தை கிட்ட சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா உன்னையில்ல அடிப்பாங்க? எனக்குத்தான் பழக்கமாச்சு. கூடப் பொறந்தவகூட இப்படிச் செய்ய மாட்டா, பாப்பா."

என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். நான் தலையை ஆட்டினேன். அந்த நிமிடத்தில் நான் பட்டது நிம்மதி. நல்லவேளை, இவளுக்கு உண்மை தெரியவில்லை என்ற நிம்மதி. வெட்கம் வர எனக்கு இன்னும் பல வருஷம் ஆயிற்று. அப்போது அவள் எந்த ஊரில், யார் வீட்டில் இருக்கிறாள் என்றுகூட எங்களுக்குத் தெரியாது.

தை மாதம் குடியாத்தத்துப் பெண் வந்தாள். வந்த வாரமே பாம்பைப் பார்த்து ஊரைக் கூட்டினாள். அண்ணன் மண்வெட்டியின் பின்பக்கத்தால் ஒரே அடி அடித்தான். அப்போது அது ஒன்றரை முழம் வளர்ந்திருந்தது. மனிதக் கைக்கு நன்றாகப் பழகியிருந்ததால் ஓடவில்லை, பாயவில்லை, சீறக்கூட இல்லை. தோஷத்தைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை.

நான் இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதேன். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கன்னடக்கார அம்மாள் என்ன விஷயம் என்று விசாரித்தாள்.

"புது மருமக வந்துட்டாளில்ல, பழையவளை நினைச்சுக்கிட்டு அழுவுது. அண்ணி மேல அவ்வளவு பாசம் வச்சிருந்தா எம் பொண்ணு" என்றாள் அம்மா.

நான் மறுக்கவில்லை.